சர்க்கரையை நிறுத்தினால் கட்டி சாகுமா?

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 36 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், கூடவே பரிசோதனை அறிக்கைகள். அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்ட பதிலைத் தனியாக அனுப்பிவிட்டேன். இதே குழப்பத்தோடு மாதத்துக்கு நாலைந்து குடும்பங்களாவது என்னிடம் வருவதால், அடையாளங்களை நீக்கி இங்கேயும் விரிவாக எழுதுகிறேன்.

அவருடைய ஆத்தாவுக்கு 61 வயது. பல வருடமாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். கழுத்தில் நெறி கட்டியது கரையவே இல்லை என்று பயாப்சி எடுத்ததில் லிம்போமா, அதாவது நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய் என்று தெரிந்தது. 'டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல்' என்ற வகை. வயிற்றுக்குள்ளும் நெறிகள் இருந்ததால் மூன்றாம் நிலை. மதுரையில் ஒரு மருத்துவமனையில் 'ஆர்-சாப்' என்ற கீமோ, 21 நாளுக்கு ஒரு சுற்று வீதம் ஆறு சுற்று என்று ஆரம்பித்து மூன்று முடிந்திருக்கிறது.

முதல் பெட் ஸ்கேன் எடுத்த அன்று, "சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை ஏற்றுவோம், புற்றுநோய் அதை இழுத்துக்கொள்ளும்" என்று அங்கிருந்தவர் சொன்னது மகனின் மனதில் பதிந்துவிட்டது. அப்புறம் இணையத்தில் தேடியிருக்கிறார். புற்றுநோய் செல்லுக்குச் சர்க்கரைதான் உயிர், அதை நிறுத்தினால் செல் தானாகவே தற்கொலை செய்துகொள்ளும் என்று படித்திருக்கிறார். அன்றிலிருந்து ஆத்தாவுக்குச் சோறு, இட்லி, பால், பழம் எல்லாம் நிறுத்தம். கோலாலம்பூரில் இருக்கும் ஆச்சி (அவருடைய மூத்த சகோதரி) சொன்னபடி வாரத்தில் இரண்டு நாள் முழுப் பட்டினி. போதாததற்கு, 'கெட்ட செல்லை மட்டும் சாகடிக்கும்' என்று வீடியோவில் விளம்பரம் செய்த ஒரு தூள். ஒன்பது வாரத்தில் எடை 59 கிலோவிலிருந்து 52-க்கு வந்திருக்கிறது. பட்டினி இருந்த ஒரு விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, ரத்தச் சர்க்கரை 58-க்கு இறங்கியிருக்கிறது.

மூன்றாவது சுற்றுக்குப் பிறகு எடுத்த பெட் ஸ்கேனில் 'டோவில் ஸ்கோர் 2' என்று வந்திருக்கிறது. கட்டி ஏறக்குறைய மறைந்துவிட்டது. "இது கீமோவாலா, எங்கள் பத்தியத்தாலா? இனிமேல் பத்தியத்தை மட்டும் தொடர்ந்தால் போதாதா? சர்க்கரையை 380 வரைக்கும் ஏற்றுகிற ஸ்டீராய்டு மாத்திரையையாவது நிறுத்தலாமா? மெட்ஃபார்மினை இரட்டிப்பாக்கலாமா? பயாப்சியில் 'பிசிஎல்-2 பாசிட்டிவ்' என்று இருக்கிறது; அது செல்லைச் சாகவிடாத புரதமாமே, அதற்கு வெனிடோக்ளாக்ஸ் என்ற மாத்திரை கேட்கலாமா?" இவை அவருடைய கேள்விகள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: ஆத்தாவுக்கு இது புற்றுநோய் என்று இன்னும் தெரியாது. 'நெறிக்கட்டிக்கு மருந்து ஏத்துறாக' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் நல்ல செய்தி. மூன்று சுற்றுக்குள் டோவில் 2 வருவது நாங்கள் ஆசைப்படுகிற பதில். 1 முதல் 5 வரையிலான அந்த மதிப்பெண்ணில் 1, 2, 3 மூன்றுமே பொதுவாக நல்ல பக்கம். உங்கள் ஆத்தாவுக்கு வந்திருப்பது வேகமாக வளரும் லிம்போமா. ஆனால் முழுமையாகக் குணமாகக்கூடிய புற்றுநோய்களில் அதுவும் ஒன்று. ஆர்-சாப் முழுதாக எடுத்துக்கொள்பவர்களில் பத்துக்கு ஆறு பேர் அளவில் நோயிலிருந்து நிரந்தரமாக விடுபடுகிறார்கள். அந்த ஆறு பேரில் ஒருவராக அவர் இருக்கும் வாய்ப்பைக் குறைக்கிற இரண்டு காரியம் இப்போது உங்கள் வீட்டில் நடக்கிறது: எடை இறங்குவது ஒன்று, சிகிச்சையைப் பாதியில் விடலாமா என்ற யோசனை இன்னொன்று. அடுத்த வாரம் நாலாவது சுற்று. தயவுசெய்து போய்விடுங்கள்.

நீங்கள் படித்ததில் எது சரி

நீங்கள் படித்தது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி உறிஞ்சுகின்றன, ஆக்சிஜன் இருக்கும்போதே அதை முழுதாக எரிக்காமல் லாக்டேட்டாக மாற்றித் தள்ளுகின்றன என்று ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டார். பெட் ஸ்கேன் இதைத்தான் பயன்படுத்துகிறது. ஏற்றுகிற மருந்து குளுக்கோஸின் சாயலில் இருக்கும். செல் அதை உள்ளே இழுத்து முதல் படி மாற்றம் செய்யும், அதற்கு மேல் செரிக்க முடியாமல் மருந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்த இடம் படத்தில் ஒளிரும். முதல் ஸ்கேனில் மூளையும் இருதயமும் ஒளிர்ந்ததைப் பார்த்துப் பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மூளை எப்போதும் ஒளிரும், இருதயமும் பல பேருக்கு ஒளிரும். குளுக்கோஸை இழுப்பது உழைக்கிற செல்லின் குணம், அது புற்றுநோயின் தனிச்சொத்து கிடையாது.

செல் தானாகச் சாவதும் உண்மை. நம் உடம்பில் தினமும் பல ஆயிரம் கோடிச் செல்கள் ஓர் ஒழுங்கோடு செத்து, புதியவற்றுக்கு இடம் விடுகின்றன. 1972-இல் கெர், வைலி, கரி என்ற மூன்று பேர் இதை 'அப்போப்டோசிஸ்' என்று பெயரிட்டு விவரித்தார்கள். இதை நடத்தும் ஜீன்களை ஒரு சின்னஞ்சிறு புழுவில் கண்டுபிடித்ததற்கு 2002-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் புழு வளரும்போது உண்டாகும் 1,090 உடற்செல்களில் சரியாக 131 செத்தாக வேண்டும். மனிதனுக்கும் அதே ஏற்பாடு, கொஞ்சம் சிக்கலாக.

இந்தச் சாவுக்கும் செல்லின் ஆற்றல் உற்பத்திக்கும் என்ன உறவு என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்குள் 'சைட்டோகுரோம் சி' என்று ஒரு புரதம் இருக்கிறது. உள்ளே இருக்கும் வரை அது உயிர் காக்கும் வேலையைச் செய்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் வெளித்தோலில் ஓட்டை விழுந்து அது வெளியே கசிந்துவிட்டால், 'காஸ்பேஸ்' என்ற வெட்டும் நொதிகளைக் கிளப்பிவிடும். அவை செல்லைத் துண்டுதுண்டாகப் பிரித்துவிடும். ஆற்றல் தயாரிக்கிற இடமும் சாவு முடிவாகிற இடமும் ஒன்றே என்பதால்தான், செல் எதை எப்படிச் செரிக்கிறது என்பது அது எப்போது சாகும் என்பதையும் பாதிக்கிறது. புற்றுநோய் செல்லில் குளுக்கோஸைக் கையாளும் முதல் நொதியே மைட்டோகாண்ட்ரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு, ஓட்டை எளிதில் விழாமல் பார்த்துக்கொள்கிறது. தீனி அதிகம், சாவு தள்ளிப்போகிறது. இதுவரை நீங்கள் படித்தது சரி.

எங்கே தடம் மாறுகிறது

'ஆகவே சர்க்கரையை நிறுத்தினால் செல் தற்கொலை செய்துகொள்ளும்' என்ற இடத்தில்தான் தடம் மாறுகிறது. ஒழுங்காகச் சாவதற்கும் ஆற்றல் வேண்டும். காஸ்பேஸ்களைக் கிளப்பும் எந்திரம் கூடி நிற்பதற்கே ஏடிபி, அதாவது செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு, தேவை. உங்கள் ஊர்ப்பக்கம் பெரிய வீடுகளைப் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆள் வைத்து, கூலி கொடுத்து, தேக்குத் தூண், நிலைக்கதவு, ஓடு என்று ஒவ்வொன்றாக இறக்கினால் பக்கத்து வீட்டுச் சுவரில் கீறல் கூட விழாது. கூலிக்குப் பணமில்லாமல் அப்படியே விட்ட வீடு ஒரு மழையில் பொத்தென்று விழும், அண்டை வீட்டையும் சேர்த்து இடிக்கும். ஒரே மாதிரி சாவுச் சமிக்ஞை கொடுத்தாலும், ஏடிபி இருந்தால் செல் அப்போப்டோசிஸில் போகிறது, ஏடிபி தீர்ந்துவிட்டால் வெடித்துச் சாகிறது என்று 1990-களின் பிற்பகுதியிலேயே ஆய்வுக்கூடங்களில் காட்டிவிட்டார்கள். வெடித்துச் சாகும்போது உள்ளே இருப்பதெல்லாம் கொட்டி, சுற்றிலும் அழற்சி உண்டாகும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ரத்த ஓட்டம் சரியாக எட்டாத கட்டியின் நடுப்பகுதியில் செல்கள் எப்போதும் அரைப்பட்டினியில்தான் கிடக்கின்றன. அங்கே பல செல்கள் செத்தாலும், மிஞ்சுபவை பட்டினிக்குப் பழகிய முரட்டுச் செல்கள். மருந்துக்கு மசியாதவையும் அவற்றில்தான் அதிகம். உங்கள் ஆச்சி சொன்ன 'ஆட்டோஃபேஜி', அதாவது செல் தன் பழுதான பாகங்களைத் தானே தின்று பிழைப்பது, நிஜமான விஷயம். அதன் இயக்கத்தை ஈஸ்ட் செல்களில் விளக்கியதற்காக 2016-இல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு நோபல் கிடைத்தது. ஆனால் அது பிழைப்பதற்கான வழி என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே வேரூன்றிய கட்டிக்குள் அதே வழி புற்றுநோய் செல்லுக்கும் கைகொடுக்கிறது. ஆச்சிக்கு அம்மா மேல் இருக்கும் பாசத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் பார்த்த வீடியோ பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

பட்டினி யாரை மெலிய வைத்தது

சோற்றை நிறுத்தினால் கட்டிக்குச் சர்க்கரை போகாது என்று நினைத்தீர்கள். ரத்தத்தில் குளுக்கோஸ் ஓர் அளவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது கல்லீரலின் வேலை. சேமிப்பில் இருப்பது ஏறக்குறைய ஒரு நாளில் தீரும். அப்புறம் தசையை உடைத்து, அதிலிருந்து வரும் அமினோ அமிலங்களைக் கொண்டு புதிதாகக் குளுக்கோஸ் செய்யும். கட்டிக்கு வேண்டியது அதிலிருந்து கிடைத்துவிடும்; குளுக்கோஸ் குறைந்தால் குளுட்டமின், கொழுப்பு என்று வேறு தீனிக்கும் அது மாறிக்கொள்ளும். மெலிந்தது உங்கள் ஆத்தாவின் தொடையும் தோளும்.

59-இலிருந்து 52 என்றால் 12 சதவீதம். ஆறு மாதத்தில் 5 சதவீதம் போனாலே புற்றுநோயாளிக்கு அதை ஆபத்தாகக் கருதுகிறோம். தசை கரைந்த உடம்பு கீமோவைத் தாங்காது. சுற்று தள்ளிப்போகும், அளவைக் குறைக்க வேண்டிவரும், தொற்று சுலபமாக வரும். அந்த விடியற்காலை 58 இதைவிடப் பெரிய எச்சரிக்கை. கிளிமிபிரைடு சாப்பிட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை இன்னும் இறங்கி, தூக்கத்திலேயே நினைவு தப்பலாம். பட்டினியை இன்றோடு நிறுத்துங்கள்.

என்ன கொடுப்பது? நாளுக்கு எடையின் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். அவருக்கு 62 முதல் 78 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் வரும். மீன், கோழி, பருப்பு, பயறு, தயிர், பனீர் என்று நாள் முழுக்கப் பிரித்துக் கொடுங்கள். கோழி சூப் தெம்பு என்று தண்ணீரை மட்டும் கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அதில் உப்பும் மிளகும்தான் அதிகம், புரதம் கறித்துண்டில் இருக்கிறது. மென்று சாப்பிட முடியாவிட்டால் அரைத்துச் சேருங்கள். சோறு, இட்லி, இடியாப்பம் அளவோடு திரும்பி வரட்டும். கவுனி அரிசி கறுப்பாக இருப்பதால் சர்க்கரை நோய்க்கு ஆகாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். நார் கொஞ்சம் அதிகம், ஆனால் அதுவும் அரிசிதான். அதில் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் போட்டுக் கிண்டிவிட்டால் அது விசேஷ வீட்டுப் பலகாரம். ஒரு கரண்டி ஆசைக்குச் சாப்பிடட்டும், மருந்து என்று சாப்பிட வேண்டாம். எல்லாம் சமைத்ததாக, சூடாக இருக்கட்டும். வெள்ளணு குறையும் நாட்களில், அதாவது மருந்து ஏற்றிய ஏழாவது நாளிலிருந்து இரண்டு வாரம் வரை, காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடு ராத்திரியானாலும்தான்.

சர்க்கரையை ஏற்றும் அந்த மாத்திரை

நிறுத்தலாமா என்று நீங்கள் கேட்ட பிரெட்னிசோலோனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தேடலுக்கு உண்மையான பதில் அதில்தான் இருக்கிறது. நிணநீர் செல்களை நேரடியாக அப்போப்டோசிஸுக்குத் தள்ளுகிற மருந்து அது. செல்லின் கருவுக்குள் போய், 'பிம்' என்ற சாவைத் தூண்டும் புரதத்தை அதிகம் சுரக்க வைக்கிறது. அதே நேரம் இந்த வகைச் செல்கள் குளுக்கோஸை உள்ளே இழுப்பதையும் குறைக்கிறது. நீங்கள் சோற்றை நிறுத்திச் செய்ய நினைத்ததை, வேண்டிய செல்லில் அந்த மாத்திரை செய்துகொண்டிருக்கிறது. உடம்பின் மற்ற இடத்தில் அதன் குணம் வேறு: கல்லீரலை அதிகக் குளுக்கோஸ் செய்ய வைக்கும், இன்சுலினை மதிக்காமல் ஆக்கும். 380 வந்தது அதனால். ரத்தத்தில் 380 இருந்ததால் கட்டி கொழுத்துவிடவில்லை, அதே நாட்களில்தான் கரைந்தது என்பதை உங்கள் இரண்டு ஸ்கேன்களுமே காட்டுகின்றன.

அதற்காக 380-ஐ அப்படியே விட முடியாது. தொற்றுக்கும் நீர் வற்றலுக்கும் அது வழி. ஒவ்வொரு சுற்றிலும் வழக்கமாக ஐந்து நாள் கொடுக்கும் இந்த மாத்திரையைக் காலையில் சாப்பிட்டால் சர்க்கரை மதியத்துக்கு மேல்தான் ஏறும், வெறும் வயிற்றில் பார்த்தால் நன்றாகவே இருக்கும். நீங்கள் காலையில் மட்டும் குத்திப் பார்த்திருக்கிறீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலும் பாருங்கள். அந்த நாட்களுக்கு மட்டும் இன்சுலின் போடுவது பல பேருக்குச் சரியான வழி. மாத்திரை நின்றதும் இன்சுலினையும் குறைத்தாக வேண்டும், அதை மறந்தால் மறுபடி 58 வரும். இந்தக் கணக்கைப் போட்டுத் தரச் சொல்லி நாலாவது சுற்றுக்கு முன்பே கேளுங்கள்.

மெட்ஃபார்மினை நீங்களாக இரட்டிப்பாக்காதீர்கள். மைட்டோகாண்ட்ரியாவைக் கொஞ்சம் தளர்த்துவதால் அது புற்றுநோய்க்கும் ஆகுமோ என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமும் இருந்தது. ஆய்வுக்கூடத் தட்டில் புற்றுநோய் செல்லைக் கொல்ல வைத்த அளவு, மாத்திரையால் ரத்தத்தில் சேரும் அளவைவிடப் பல மடங்கு. மார்பகப் புற்றுநோய் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத 3,649 பேரை வைத்து நடத்திய பெரிய பரிசோதனையின் முடிவு 2022-இல் வெளியானது. ஐந்து வருடம் மெட்ஃபார்மின் கொடுத்தும் நோய் திரும்புவது குறையவில்லை. சர்க்கரைக்காக அவர் சாப்பிடுவது தொடரட்டும். வாந்தி, பேதியில் நீர் வற்றியிருக்கும் நாளில் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் அதைக் கொடுக்க வேண்டாம்.

செல்லின் தீனியில் கை வைத்து வென்ற மருந்தே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் அந்தச் செல்லுக்கு அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைப் போதுமான அளவு சொந்தமாகச் செய்யத் தெரியாது. ரத்தத்தில் இருக்கும் அஸ்பராஜினை அழிக்கும் நொதியை ஊசியாகப் போட்டால் அது செத்துவிடும். 1970-களிலிருந்து அது சிகிச்சையில் இருக்கிறது. ஒரு செல்லுக்கு மட்டும் இருக்கும் குறையைக் கண்டுபிடித்து அடித்ததால்தான் அது பலித்தது. குளுக்கோஸ் விஷயத்தில் அப்படி ஒரு குறை கட்டிக்கு மட்டும் இல்லை, மூளைக்கும் அதே குளுக்கோஸ்தான்.

'பிசிஎல்-2 பாசிட்டிவ்'

இந்த வரியைப் பார்த்து நீங்கள் இரண்டு நாள் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிசிஎல்-2 செல்லைச் சாகவிடாத புரதம் என்பது சரி. மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை போட வரும் புரதங்களைக் கட்டிப் போடுவது அதன் வேலை. வளர்ச்சியைத் தூண்டாமல், சாவைத் தடுப்பதாலேயே ஒரு ஜீன் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று 1988-இல் மெல்போர்ன் விஞ்ஞானிகள் இதை வைத்துத்தான் காட்டினார்கள். ஆனால் உங்கள் ஆத்தாவின் வகை லிம்போமாவில் பாதிப் பேருக்கு மேல் இந்தப் புரதம் தென்படும். அது தனியாக இருப்பதால் மட்டும் சிகிச்சை மாறாது. 'மிக்' என்ற இன்னொரு புரதமும் சேர்ந்து 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், உங்கள் அறிக்கையில் அது 20 சதவீதம். இந்த இரண்டு ஜீன்களும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கும் 'ஃபிஷ்' பரிசோதனை முடிவு நீங்கள் அனுப்பியவற்றில் இல்லை. செய்தார்களா என்று கேளுங்கள். அது கேட்க வேண்டிய கேள்வி.

வெனிடோக்ளாக்ஸ் பிசிஎல்-2-ஐ அடைக்கிற மாத்திரைதான், 2016-இல் அமெரிக்காவில் வேறொரு வகை ரத்தப் புற்றுநோய்க்காக முதலில் அனுமதி பெற்றது. உங்கள் ஆத்தாவின் நோய்க்கு முதல் சிகிச்சையாக அது வழக்கத்தில் இல்லை. ஆர்-சாப்புக்குப் பதில் நன்றாகக் கிடைத்துக்கொண்டிருக்கும்போது, விலையும் வெள்ளணுக் குறைவும் சேர்ந்த ஒன்றை ஏன் நுழைக்க வேண்டும்? கேட்காதீர்கள்.

மூன்று சுற்றோடு நிறுத்துவது பற்றி

கட்டி கரைந்தது பத்தியத்தாலா என்ற கேள்விக்கு என் பதில்: கீமோவால். முதல் சுற்றில் ஏன் யூரிக் அமில மாத்திரை கொடுத்து நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள் என்று கேட்டிருந்தீர்களே, அதுவே சாட்சி. கீமோ ஏறிய சில நாட்களில் செல்கள் கூட்டமாகச் சாகும். அவற்றின் கருவில் இருந்த பொருட்கள் யூரிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தை அடைக்கும். அந்த ஆபத்தை எதிர்பார்த்துத்தான் முன்கூட்டியே மாத்திரை கொடுக்கிறோம். சோற்றை நிறுத்தியவர்களுக்கு யாரும் அப்படி மாத்திரை எழுதுவதில்லை.

படத்தில் மறைந்தது என்றால் தீர்ந்தது என்று ஆகாது. சில மில்லிமீட்டர் அளவில் கிடக்கும் செல்கூட்டத்தைப் பெட் ஸ்கேன் பிடிக்காது. அதற்குள் லட்சக்கணக்கில் செல்கள் இருக்கலாம். அப்படித் தப்பி நிற்பவை சாவைத் தள்ளிப்போடத் தெரிந்த செல்களாகவே இருக்கும். அவற்றுக்காகத்தான் மிச்ச மூன்று சுற்று. சிலருக்கு நாலு சுற்று கீமோ போதும் என்று ஆய்வுகள் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 60 வயதுக்குள், ஆரம்ப நிலையில், பெரிய கட்டி இல்லாதவர்களுக்கு அது. மூன்றாம் நிலையில் 61 வயதில் இருக்கும் உங்கள் ஆத்தாவுக்குப் பொருந்தாது. இந்த நோய் ஒரு முறை திரும்பி வந்தால் அடுத்த சிகிச்சை உடம்புக்கும் பணத்துக்கும் பல மடங்கு கடினம், பலன் குறைவு.

சந்தேகம் தீரவில்லையா? வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. மருத்துவக் குறிப்புகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. பயாப்சித் திசு பதித்த மெழுகுக் கட்டையையும் ஸ்லைடையும் கூடக் கேட்டு வாங்கலாம். நாலாவது சுற்றைத் தள்ளிப்போடாமல் இதைச் செய்யுங்கள்.

ஆத்தாவிடம் சொல்வது

நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன விஷயம் இது. சிகிச்சையை நிறுத்தலாமா, பட்டினி போடலாமா என்று நீங்களும் ஆச்சியும் வாட்ஸ்அப்பில் முடிவு செய்துகொண்டிருக்கிறீர்கள். உடம்பு அவருடையது. நினைவு தெளிவாக இருக்கும் ஒருவருக்கு என்ன நோய், என்ன மருந்து, மறுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. சம்மதக் கையெழுத்து அவரிடம்தான் வாங்க வேண்டும். சொன்னால் உடைந்துபோவார் என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. என் அனுபவத்தில், முடி கொட்டி, மூன்று வாரத்துக்கு ஒரு முறை மதுரைக்குப் போய் வரும் 61 வயதுப் பெண்மணிக்கு விஷயம் பாதிக்கு மேல் தெரிந்தே இருக்கும். நீங்கள் சங்கடப்படுவீர்களே என்று அவர்தான் கேட்காமல் இருப்பார்.

இப்போது சொல்வதற்கு நல்ல நேரமும்கூட, கையில் நல்ல ஸ்கேன் இருக்கிறது. "உங்களுக்கு என்னவென்று எவ்வளவு தெரிஞ்சுக்க வேணும் ஆத்தா?" என்று கேட்டு ஆரம்பிக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். தெரிய வேண்டாம், நீயே பார்த்துக்கொள் என்று அவர் சொன்னால், அது அவர் எடுத்த முடிவு. மருத்துவரே சொல்லட்டும் என்று நினைத்தால் முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள், அவசரத்தில் நடைபாதையில் வைத்துச் சொல்லிவிடாமல் இருப்பார்கள்.

அந்தத் தூள்

மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை, அதனால் நானும் கேட்கவில்லை. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்வது 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம்; அந்தச் சட்டத்தின் பட்டியலில் புற்றுநோய் இருக்கிறது. விற்பவர் எந்த மருத்துவ முறையின் பெயரைச் சொன்னாலும் விதிவிலக்கில்லை. மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். உங்களுக்கு அதற்கு இப்போது தெம்பு இருக்காது, பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்குத் தூளை நிறுத்திவிட்டு, டப்பாவைத் தூக்கிப் போடாமல் நாலாவது சுற்றுக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள். எவ்வளவு நாள், எந்த வேளையில் கொடுத்தீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. கீமோ மருந்துகள் பலவற்றைக் கல்லீரல்தான் கையாள்கிறது. மருந்து ஏற்றுவதற்கு முன்னால் எடுக்கும் ரத்தத்திலேயே கல்லீரல், சிறுநீரகம் இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். எடையை அன்று புதிதாகப் பார்த்து, மருந்தின் அளவை 52 கிலோவுக்குக் கணக்குப் போட்டார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.